தருமர் கட்சி வக்கீலும் ஒரு தையல் மிஷினும்

மலாயாவுக்குச் சுதந்திரம் என்று தேதி குறித்த அன்றைக்கே நானும் ஒரு தீர்மானம் எடுத்தேன். நாடு விடுதலை ஆகிற கையோடு நானும் விடுதலை ஆகிவிடுவது.

இதில் தப்பில்லை பாருங்கள். பக்கத்து ஜொகூருக்கு சுல்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் நெகிரி செம்பிலானுக்கும் ஒரு மன்னர் இருக்கிறார். மன்னர்களெல்லாம் கூடி உட்கார்ந்து தங்களுக்குள் ஒரு மாமன்னரைத் தேர்ந்தெடுக்கப் போவதாகப் பேப்பரில் தினம் போடுகிறான். எங்கள் மலாக்காவுக்கோ ராஜாவே கிடையாது. ஊருக்குத்தான் இல்லை, காஜா பேராங் பகுதியில் என் வீட்டுக்காவது ஒரு ராஜா இருக்கட்டுமே என்று நினைத்தேன். நினைத்ததை வீட்டில் சொல்லத்தான் நேரம் அமையவில்லை.

என் பெயர் சேதுராமன். டவுனில் ஒரு ரப்பர் கிட்டங்கியில் கணக்கெழுதுகிற கிராணி. ஆபீசில் எனக்குக் கீழே ஆள் உண்டு. வீட்டில் எனக்குக் கீழே பாய்தான் உண்டு. மனைவி பெயர் சிவகாமசுந்தரி. நீளமாக இருக்கிறதே என்று கல்யாணமான புதிதில் அவள் பெயரைச் சிவகாமி என்று சுருக்கினேன். பதிலுக்கு அவள் என் பெயரை 'ஏங்க' என்று சுருக்கினாள். நாளடைவில் என்னையும் சேர்த்தே சுருக்கிவிட்டாள்.

சிவகாமியிடம் ஒரு தையல் மிஷின் உண்டு. காலால் மிதிக்கிறது. நான் வாங்கிக் கொடுத்ததில்லை. ஊர்ப் பெண்களுக்குக் கையாலேயே தைத்துத் தைத்து, விரலெல்லாம் ஊசி குத்து வாங்கி, அவளே சேர்த்து வாங்கியது. மெர்டேக்கா என்கிற சுதந்திர தின ஊர்வலத்துக்குப் புது ரவிக்கை வேண்டும் என்று எங்கள் தெருச் சடக்கில் இருக்கிற அத்தனை பெண்களும் ஜாலான் பெண்டஹாராக் கடைகளில் துணி எடுத்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கட்டில் நிறையத் துணி. நான் படுக்கிற இடத்தில் மஞ்சள் சாட்டின் படுத்திருந்தது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அப்பாசாமியோடு தாயம் ஆட உட்கார்ந்தேன். அப்பாசாமி லாரி ஓட்டுகிறவன். தினம் புக்கிட் ரம்பாய்க்கு மரம் ஏற்றிப் போய் வருவான். அவன் மனைவி அஞ்சலை சடக்கோரம் ஒட்டுக்கடை போட்டுத் தோசை விற்கிறாள். ஆட்டம் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. முதலில் என் குடை போயிற்று. பிறகு சைக்கிள் மணி. பிறகு மணி இல்லாத சைக்கிள் எதற்கு என்று சைக்கிளையும் வைத்தேன். அதுவும் போயிற்று. என் காய் மலை ஏறித் தப்பிக்கப் போகிற நேரம் பார்த்து அவன் வெட்டுவான். தருமரும் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருப்பார் போலிருக்கிறது.

"போதும் சேது. நிறுத்திக்கலாம்லா."

"எதுக்கு நிறுத்தணும்? வைக்கிறேன்."

"என்னத்த வைப்ப? கட்டியிருக்கிற கைலிதான் பாக்கி."

"வீட்ல தையல் மிஷின் இருக்கு."

"அது உன் பொண்டாட்டிதுலா."

"பொண்டாட்டியே என்னுது. அப்புறம் மிஷின் யாருது?"

கேட்டீர்களா வசனத்தை. இதைச் சொல்லும்போது எனக்கே மீசை துடித்தது. கட்டையை உருட்டினேன். மீசை துடித்த அளவுக்குக் கட்டை துடிக்கவில்லை. தோற்றேன்.

அப்பாசாமி நல்லவன். குடையையும் சைக்கிளையும் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டான். மிஷினை மட்டும் விடமாட்டேன் என்று நின்றான்.

"அண்ணே, விளையாட்டுக்கு வச்சேன்."

"நான் விளையாடித்தான் ஜெயிச்சேன். இத்தன வருசத்துல அஞ்சலைக்கு நான் ஒரு சாமான் வாங்கிக் குடுத்ததில்லன்னு தினம் பாட்டு. மெர்டேக்காவுக்கு மிஷினத் தூக்கியாந்து வச்சேன்னு வையி, பாட்டு நிக்கும்."

"அவங்களுக்குத் தைக்கத் தெரியுமா?"

"தெரியாட்டி என்ன. துணி போட்டு மூடி வச்சாலும் சாமான் சாமான்தான். பொண்டாட்டிக்குப் பயமா இருக்குன்னு சொல்லு, விட்டுடறேன். ஆனா பாசார்ல நாலு பேருகிட்ட சொல்லுவேன்."

பயம் என்று ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? பயமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. கொஞ்ச நாள் தவணை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சிவகாமி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் என் நெஞ்சின் மேல் ஓடியது.

அப்போதுதான் கடவுளாகப் பார்த்து ஒரு வழி காட்டினார். எங்கள் அம்மன் கோவில் வாலிபர் சங்கம் மெர்டேக்காவை ஒட்டி ஒரு வழக்காடு மன்றம் ஏற்பாடு செய்தது. தலைப்பு: பாஞ்சாலியைப் பணயம் வைத்த தருமர் குற்றவாளியா? நடுவர் சங்கத் தலைவர் வைரவன் செட்டியார். பாஞ்சாலி கட்சிக்கு வாதாடப் பள்ளிக்கூடத்து தேவதாஸ் வாத்தியார் முந்திக்கொண்டார். தருமர் கட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. கல்யாணமானவர்கள் வீட்டுக்குப் போக வேண்டுமே என்றார்கள். கல்யாணமாகாதவர்கள் இனிமேல் ஆக வேண்டுமே என்றார்கள்.

நான் எழுந்து நின்றேன். சங்கமே என்னைத் திரும்பிப் பார்த்தது.

என் கணக்கு இதுதான். எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீர்ப்புச் சொன்னதும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். ஒரு வெற்றிலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அப்புறம் அதற்கு மாறாகப் பேசக்கூடாது, நடக்கவும் கூடாது. வேலித் தகராறு முதல் வாய்க்கால் தகராறு வரை இப்படித்தான் தீர்ந்திருக்கிறது. சிவகாமிக்கு அம்மன் மேல் பக்தி. அம்மன் சந்நிதியில் எடுத்த வெற்றிலையை மீறவே மாட்டாள். 'மனைவி பொருளைக் கணவன் பணயம் வைக்கலாம்' என்று தீர்ப்பு வாங்கிவிட்டால் போதும். அவள் தாம்பூலம் மென்று முடித்த பிறகு மெதுவாக மிஷின் விஷயத்தைச் சொல்லிவிடலாம். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்.

செட்டியாரிடமும் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவர் மனைவி தெய்வானை ஆச்சி காரைக்குடிப் பக்கம் இருக்கிறார். மனைவி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் கணவன் உரிமை பற்றி எந்தத் தீர்ப்பையும் தைரியமாகச் சொல்லலாம்.

மறுநாள் பசியாறும்போது சிவகாமி கேட்டாள்.

"ஏங்க, தருமர் கட்சியாமே நீங்க?"

பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்தேன். "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. ஜெயிச்சுடுவீங்களா?"

"உனக்குக் கோபம் இல்லையா?"

"எதுக்குக் கோபம்? என் புருஷன் சபையில தோத்தா எனக்குத்தானே அவமானம். தேவதாஸ் வாத்தியார் முதல்ல என்ன கேப்பாரு, சொல்லுங்க பாப்போம்."

"என்ன கேப்பாரு?"

"தருமர் முதல்ல தன்னையே வச்சுத் தோத்துட்டாரு. தோத்தவரு அடிமை. அடிமைக்கு ஏது பொண்டாட்டிய வைக்கிற உரிமைன்னு கேப்பாரு. அவ சபையில கேட்டதும் அதத்தானே. பெரியவங்க எல்லாம் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டாங்க."

"ஆமா. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்னையே கேளுங்க." சட்னி ஊற்றினாள். "இப்படிச் சொல்லுங்க. புருஷன் பொண்டாட்டின்னா ரெண்டு பேரு இல்ல, ஒருத்தர்தான். அவ சாமான் அவனுது. அவன் சாமான் அவளுது. ஒருத்தர் பணயம் வச்சா ரெண்டு பேரும் வச்ச மாதிரி. ஒருத்தர ஒருத்தர் கேக்கணும்னே இல்ல. எப்படி?"

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இவ்வளவு நாள் இவளைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே என்று உருகிப்போனேன்.

"பிரமாதம் சிவகாமி. ஆனா 'அவன் சாமான் அவளுது'ன்னு ஒண்ணு வருதே, அது நம்ம கட்சிக்கு எதுக்கு?"

"அத விட்டா பொம்பளைங்க கை தட்டமாட்டாங்க. எங்க, ஒரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். இன்னும் சத்தமாக என்றாள். கையை ஆட்டிச் சொல்லுங்கள் என்றாள். தினம் சாயங்காலம் நான் கோப்பி குடித்ததும் ஒத்திகை நடந்தது. அவள் மிஷினை மிதித்துக்கொண்டே திருத்துவாள். ஒரு நாள் மட்டும் மிதிப்பதை நிறுத்திவிட்டு வேறு ஒன்று கேட்டாள்.

"சும்மா கேக்கறேன். அவளச் சபைக்கு இழுத்துக்கிட்டு வந்தப்போ தருமர் அவ முகத்தப் பாத்திருப்பாரா?"

"கதையில அப்படி ஒண்ணும் வரலையே."

"பாத்திருக்கமாட்டாரு," என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. அப்பாசாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இருமினான். நான் விழுங்கிவிட்டேன்.

மன்றம் கூடிய அன்றைக்குக் கோவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் சிவகாமியும் அஞ்சலையும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தெருவில் பல தலைமுறையாக இருக்கிற மலாக்காச் செட்டி வம்சத்துப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். ஆனாலும் கோவில் விசேஷம் ஒன்றையும் விடமாட்டார்.

தேவதாஸ் வாத்தியார் நன்றாகத்தான் பேசினார். அரசன் என்பவன் காவல்காரன், காவல்காரனே வீட்டுச் சொத்தை எடுத்துச் சூதாடலாமா என்றார். பெண்கள் பக்கம் கை தட்டல். தன்னைத் தோற்றவனுக்கு அவளைத் தோற்க ஏது உரிமை என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இது வரும் என்று எனக்குச் சட்னியோடு தெரியும்.

நான் எழுந்தேன். கையை ஆட்டினேன். "நடுவர் அவர்களே, வாத்தியார் இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறார். நான் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். கணவனும் மனைவியும் ஒன்று. அவள் பொருள் அவனுடையது, அவன் பொருள் அவளுடையது. ஒருவர் பணயம் வைத்தால் இருவரும் வைத்ததுதான். ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதில்லை. கேட்டால்தான் அது பிரிவினை."

அந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு. கை தட்டல் கூரையைத் தூக்கியது. அதிசயம் என்னவென்றால், பெண்கள் பக்கம்தான் அதிகமாகத் தட்டினார்கள். அஞ்சலை எழுந்து நின்றே தட்டினாள்.

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். வைரவன் செட்டியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். தருமர் குற்றவாளி அல்ல. தம்பதியில் ஒருவர் எதைப் பணயம் வைத்தாலும், அது மற்றவர் பொருளாக இருந்தாலும், மற்றவராகவே இருந்தாலும், இருவரையும் கட்டுப்படுத்தும்.

வெற்றிலைத் தட்டு வந்தது. முதல் வெற்றிலை நான்தான் எடுத்தேன். கூட ஒரு பாக்கும் அதிகமாகப் போட்டுக்கொண்டேன். அப்பாசாமி எனக்குக் கண்ணடித்துவிட்டு எடுத்தான். தட்டு பெண்கள் பக்கம் போயிற்று. சிவகாமி பயபக்தியோடு எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டாள். அஞ்சலையும் போட்டாள். எனக்கு மகுடம் சூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்போது சிவகாமி எழுந்தாள்.

"தலைவரய்யா, தீர்ப்ப ஏத்துக்கறேன். ஒரு சந்தேகம் மட்டும் கேக்கலாமா?"

"கேளும்மா."

"எங்க வீட்டுக்காரர் என் தையல் மிஷின அப்பாசாமி அண்ணன்கிட்ட தாயத்துல வச்சுத் தோத்துட்டாரு."

என் வாயில் வெற்றிலை நின்றது. அப்பாசாமி கூரையைப் பார்த்தான்.

"தீர்ப்புப்படி அது செல்லும்," என்றாள் சிவகாமி. "ஒத்துக்கறேன். இப்ப மிஷின் அப்பாசாமி அண்ணனுது. அப்படின்னா அஞ்சலைக்காவுதும்தானே?"

செட்டியார் யோசித்தார். "தீர்ப்புப்படி ஆமா."

அஞ்சலை எழுந்தாள். "நானும் சிவகாமியும்கூடத் தாயம் ஆடினோங்கய்யா. நான் அந்த மிஷின வச்சேன். தோத்துட்டேன். மறுபடி அது சிவகாமிக்கே போயிடுச்சு."

அப்பாசாமி துள்ளி எழுந்தான். "என்னக் கேக்காம எப்படி வச்ச?"

"கேக்க வேண்டியதில்லன்னு இப்பதானே சிவகாமி வீட்டுக்காரரு சொன்னாரு. நீங்களும் வெத்தலையப் போட்டீங்க."

அப்பாசாமி உட்கார்ந்துவிட்டான். எனக்கு உயிர் வந்தது. மிஷின் வீட்டிலேயே இருக்கும், ரவிக்கையெல்லாம் ஊர்வலத்துக்கு முன்னால் முடியும், அப்பாசாமியாலும் பேச முடியாது, என் சொல்லும் காப்பாற்றப்பட்டது. என்ன மனைவி, என்ன மனைவி என்று நானே கை தட்டினேன்.

"இன்னொரு ஆட்டமும் ஆடினோம்," என்றாள் சிவகாமி.

நான் கை தட்டுவதை நிறுத்தினேன்.

"அதுல நான் இவர வச்சேன். தோத்துட்டேன். மெர்டேக்கா வரைக்கும் தினம் சாயங்காலம் அஞ்சலைக்கா கடைக்கு இவர் மாவாட்டிக் குடுக்கணும்."

"என்னையா?" என்று எழுந்தேன். "என்ன ஒரு வார்த்த கேக்காம, என்ன எப்படி நீ வைப்ப?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. சிவகாமி என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அதத்தான் பாஞ்சாலியும் சபையில கேட்டா. நீங்கதான் இவ்வளவு நேரம் நின்னு பதில் சொன்னீங்க."

அப்புறம் மண்டபம் சிரித்த சிரிப்பைத் தூரத்துக் குருபோங் ஊரில் இருந்தவர்களும் கேட்டிருப்பார்கள். தேவதாஸ் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கடைசி முயற்சியாகக் கையைத் தூக்கினேன்.

"தலைவரே, நான் வாத்தியார் கட்சிக்கு மாறிக்கறேன். தருமர் பண்ணினது மகா தப்பு. பச்சைக் குற்றவாளி."

"நாக்கக் காட்டுங்க தம்பி," என்றார் செட்டியார்.

காட்டினேன். செக்கச் செவேல் என்று இருந்தது.

"பாக்கு வேற ரெண்டு போட்டிருக்கீங்க," என்று சொல்லிச் சபையைக் கலைத்துவிட்டார்.

வாசலில் அந்த மலாய் பேசும் செட்டிப் பெரியவர் என் தோளைத் தொட்டு, "சியாப்பா மெனாங்?" என்று கேட்டார். யார் ஜெயித்ததாம். எனக்குத் தமிழிலேயே பதில் தெரியவில்லை. மலாயில் எங்கே போவேன்?

மறுநாள் சாயங்காலமே அஞ்சலை வீட்டுக் கொல்லையில் ஆட்டுக்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு ஜன்னல். அதில் மிஷின் சத்தம். இங்கே குழவிச் சத்தம். அப்பாசாமிக்கு அஞ்சலை கொடுத்தது மாவுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை. வீட்டுக்கு ஒரு அடிமை என்று ஊரே வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் சிவகாமி கோப்பி கொண்டுவந்தாள். அப்பாசாமி நாகரிகமாக உள்ளே போய்விட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க தோத்த அன்னிக்கே. அண்ணன் ஆசையா அக்காகிட்ட சொல்ல, அக்கா ஓடியாந்து எங்கிட்ட சொல்லிட்டாங்க."

"அப்பவே என்னத் திட்டியிருக்கலாமே."

"திட்டினா மறந்துடுவீங்க." முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். "மிஷின் போனாக்கூடப் பரவால்லங்க. பொண்டாட்டியே என்னுதுன்னு சொன்னீங்களாமே. அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல."

குழவியை நிறுத்திவிட்டேன். "தப்புதான் சிவகாமி. உன்னக் கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனா?"

"மாட்ட."

"அதனாலதானே கேக்கல. சரி, ஆட்டுங்க. உளுந்து பொங்கி வரணும்."

ஆட்டினேன். மனசு லேசாகிவிட்டது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆண்பிள்ளை மனசு கேட்குமா? என்ன இருந்தாலும் ஒரு சபையில் பணயமாக வைக்கிற அளவுக்கு நமக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று உள்ளே ஒரு சின்னப் பெருமை முளைத்தது.

"ஏன் சிவகாமி, என்ன வைக்கிறேன்னு நீ சொன்னதும் அஞ்சலைக்கா என்ன சொன்னாங்க? அசந்து போயிருப்பாங்களே?"

"எங்க அசந்தாங்க," என்று காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "உங்கள மட்டும் வச்சா ஆட்டத்துக்கே வரமாட்டேன்னுட்டாங்க. கூட ரெண்டு ரவிக்கை தச்சுத் தர்றேன்னு சொன்னப்புறம்தான் கட்டையையே உருட்டினாங்க."